பதினேழாவது பெயர்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டு இல்லத்தின் இணையதளத்துக்காக வாங்கியது. தளத்தில் என்ன மாற்றினேன், என்றைக்கு மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று மட்டும் இதில் எழுத வேண்டும். சொந்த விஷயம் எழுத வேண்டியதில்லை.

காலையில் ஒரு வக்கீல் போன் செய்தார். உங்கள் தளத்தைத் திறந்தால் சீட்டாட்டம் வருகிறது என்றார். திறந்து பார்த்தோம். மேலே ‘கரைமேடு மகளிர் இல்லம், மதுரை’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு பெண் சீட்டுக்கட்டை விசிறி மாதிரி விரித்துப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிலோமினா சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இந்தப் பொண்ணு நம்மகிட்ட தங்கினதில்லையே,” என்றார்.

சிஸ்டர் பெரியாஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். இல்லத்தைத் தொடங்கியவர். எதற்கும் பதற மாட்டார். வீட்டில் இருக்க முடியாமல் வெளியேறும் பெண்கள் இங்கே வந்து தங்குகிறார்கள். முகவரியை யாருக்கும் சொல்வதில்லை. போன் எண் மட்டும்தான் வெளியே தெரியும். பாதிப் பேர் அந்த எண்ணைத் தளத்தில் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். எண் இருந்த இடத்தில் இப்போது சீட்டாட்டக்காரி.

தளத்தைச் செய்துகொடுத்த தொண்டர் கனடாவில் இருக்கிறார். பாஸ்வேர்டை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, தனக்கு இப்போது நேரமில்லை என்று எழுதியிருந்தார்.

“நிர்மலா, நீ கத்துக்க,” என்றார் சிஸ்டர்.

நான் இந்த அலுவலகத்தில் பதினோரு வருடமாகக் கடிதம் தட்டச்சு செய்கிறேன், போன் எடுக்கிறேன். படிப்பு பிளஸ் டூ. அதைச் சொன்னேன்.

“நான் என்ன, இல்லம் நடத்தப் படிச்சுட்டா வந்தேன்?”

ஜூன் 5, புதன்

சிம்மக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். மாடியில், காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. ‘இணையதள வடிவமைப்பும் பாதுகாப்பும், ஆரம்ப நிலை.’ சொல்லித் தருபவர் ஹசீனா மிஸ். இருபத்தெட்டு வயது இருக்கும். என்னை அக்கா என்கிறார், நான் மிஸ் என்கிறேன். என்னோடு இன்னும் மூன்று பேர். கேக் செய்து விற்கும் பெண் ஒருவர். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர். மூன்றாமவர் ஏசிக்காக வருகிறார் என்று நினைக்கிறேன்.

நான் இடப்பக்கச் சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். எனக்கு இடது காது கேட்காது.

இன்றைய பாடம்: சர்வர் என்பது இன்னொருவர் இடத்தில், எந்நேரமும் அணைக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதில் நமக்கு ஒரு மூலை வாடகைக்கு.

“வாசல்ல காவல் அவங்க போடுவாங்க. ஆனா நம்ம அறைக்குப் பூட்டு நம்மதான் போடணும்,” என்றார் மிஸ். பிறகு ஒவ்வொருவரிடமும் இப்போதைய பாஸ்வேர்டு எந்த மாதிரி இருக்கிறது, சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுங்கள் என்றார்.

“இல்லத்தோட பேரு. அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு,” என்றேன்.

மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 7, வெள்ளி

செய்தவை: பாஸ்வேர்டு மாற்றினேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்கள். எங்கும் எழுதவில்லை, இந்த நோட்டிலும். உள்ளே நுழையும்போது என் போனுக்கு ஒரு எண் வரும்படி இரண்டாவது பூட்டும் போட்டேன்.

தளத்தை மாற்றும் உரிமை ஆறு பேருக்கு இருந்தது. சிஸ்டர், நான், கனடாக்காரர், வேலையை விட்டுப் போன இரண்டு பேர். ஆறாவது ஆளின் பெயர் ‘டெஸ்ட்’. அவருடைய பாஸ்வேர்டும் டெஸ்ட். சீட்டாட்டக்காரிக்குக் கதவைத் திறந்துவிட்டவர் இவராகத்தான் இருக்கும் என்றார் மிஸ். நால்வரை நீக்கினேன். சர்வர்காரர்களிடம் ஜனவரி மாதத்துப் பிரதி ஒன்று இருந்தது. அதைப் போட்டுத் தளத்தை மீட்டோம். பழைய மென்பொருளையெல்லாம் புதுப்பித்தோம். இனி வாரம் ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். திங்கட்கிழமை என்று முடிவு செய்தேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பருக்குச் சொன்னேன். நாளை வருகிறாராம்.

ஜூன் 11, செவ்வாய்

பிளம்பர் வரவில்லை.

முகப்புப் பக்கத்தை மாற்றினேன். முன்பு அங்கே சிஸ்டரின் உரை நான்கு பத்தி இருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு, போன் எண்ணை மேலே, திரையின் அகலத்துக்குப் பெரிதாக வைத்தேன். எண்களைச் சிறு சிறு துண்டாகப் பிரித்து எழுதினேன். சின்ன போனில் திறந்தால்கூட விரலால் பெரிதாக்க வேண்டியதில்லை.

“என் உரை எங்க?” என்றார் சிஸ்டர்.

“பாக்கிறவங்களுக்கு அரை நிமிஷந்தான் இருக்கும் சிஸ்டர். போனை எடுத்து வச்சுக்கிட்டு நாலு பத்தி வாசிக்க மாட்டாங்க. நம்பரை மனப்பாடம் பண்ணிட்டு, போனை இருந்த எடத்துல வச்சிரணும்.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். உரை உள்ளேயே இருக்கட்டும் என்றார்.

பக்கத்தின் மூலையில் ‘உடனே வெளியேறு’ என்று ஒரு பொத்தான். யாராவது அறைக்குள் வந்தால் அதை அமுக்கினால் போதும், தளம் மறைந்து சாம்பார் பொடி செய்முறை வந்துவிடும். வெளிநாட்டுத் தளங்களில் வானிலைப் பக்கம் வருமாறு வைப்பார்கள் என்றார் ஹசீனா மிஸ். நம் ஊரில் மத்தியான வேளையில் ஒரு பெண் வானிலை பார்த்துக்கொண்டிருந்தால் சந்தேகம் வரும் என்றேன். போனில் பார்த்த பக்கங்களின் பட்டியலை அழிப்பது எப்படி என்றும் நான்கு வரி எழுதி வைத்தேன்.

“இதெல்லாம் எப்படிக்கா உங்களுக்குத் தோணுது?” என்று மிஸ் கேட்டார்.

“பதினோரு வருஷமா இங்கதான மிஸ் இருக்கேன்.”

ஜூன் 14, வெள்ளி

வகுப்பில் இன்று ஒவ்வொருவர் தளத்திலும் எது திறந்து கிடக்கிறது என்று பார்த்தோம். கேக் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. தாசில்தாரின் தளத்தில் நாற்பது பேருடைய ஜாதகம் கிடந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மிஸ் எங்கள் தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் ஒரு சொல்லும் சேர்த்துத் தட்டினார். பட்டியல் ஒன்று விரிந்தது. கனடாக்காரர் பத்திரமாக இருக்கட்டும் என்று இல்லத்தின் பழைய கோப்புகளை மொத்தமாக ஏற்றி வைத்திருக்கிறார். ஆண்டறிக்கைகள், புகைப்படங்கள், ‘பயனாளிகள் 2013’. அதை மிஸ் திறந்தார். பெயர், வயது, ஊர், தற்போதைய நிலை. உடனே தன் துப்பட்டாவால் திரையை மறைத்துக்கொண்டு, மற்றவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்.

“அக்கா, இது தேடல்ல வரும். யாராச்சும் இதுல இருக்கிற பேரைப் போட்டுத் தேடினா, இந்த லிஸ்டே வந்து முன்னால நிக்கும்.”

பட்டியலை அழித்தேன். ஃபோல்டரை வெளியார் திறக்க முடியாதபடி மூடினேன். தேடல் நிறுவனத்துக்கு அவர்களிடம் இருக்கும் நகலையும் நீக்கச் சொல்லி விண்ணப்பம் அனுப்பினோம்.

மொத்தம் இருபத்திரண்டு பெயர்கள். பதினேழாவது: ‘சுப்புத்தாய், 29. ராஜபாளையம் வட்டம். தற்போது இல்ல அலுவலகத்தில் பணி.’

ஜூன் 15, சனி

அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்தான். அப்போது தட்டச்சு கற்ற புதிது. ‘தற்போது இல்ல அலுவலகத்தில் பணி’ என்ற வரியை அடித்துவிட்டு இரண்டு தரம் வாசித்துப் பார்த்தது நினைவிருக்கிறது. சந்தோஷமாக இருந்தது.

நிர்மலா என்ற பெயரைச் சிஸ்டர் அதற்கு அடுத்த மாதம்தான் வைத்தார்.

பிளம்பர் வந்தார். வாஷர் இல்லை என்று திரும்பிப் போனார்.

ஜூன் 18, செவ்வாய்

பாடம்: வருகைப் பதிவு. தளத்துக்கு யார் வந்தாலும் சர்வர் குறித்து வைத்துக்கொள்கிறது. எந்த இணைப்பிலிருந்து, எந்த நேரத்தில், எந்தப் பக்கம், போனா கம்ப்யூட்டரா. ஆளின் பெயர் இருக்காது. மாதவாரியாகப் பழைய பதிவுகளும் இருந்தன.

அந்தப் பட்டியலை யாரெல்லாம் திறந்தார்கள் என்று தேடினோம். தேடல் நிறுவனத்தின் இயந்திரங்களைத் தள்ளிவிட்டால் ஒரே ஒரு ஆள். பிப்ரவரி 9 அன்று முதல் தடவை. அதன் பிறகு ஏப்ரல் கடைசி வரை அந்த ஒரே இணைப்பிலிருந்து பட்டியலை நாற்பத்து நான்கு தடவை திறந்திருக்கிறார்கள். எங்கள் தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியிலும் ஏதோ எழுதித் தேடியிருக்கிறார்கள். என்ன எழுதினார்கள் என்பதும் பதிவில் இருந்தது. ஆனால் தமிழாக இல்லை. சதவீதக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக ஒரு நீளமான வால்.

“தமிழ்ல அடிச்சா சர்வர் இப்படித்தான் எழுதிக்கும்,” என்று மிஸ் அதை இன்னொரு பக்கத்தில் ஒட்டி மாற்றிக் காட்டினார்.

“சுப்புத்தாய்னு வருது. யாருக்கா அது?”

“தெரியல மிஸ்.”

வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 19, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. பை எடுத்து வைத்தேன். இரண்டு சேலை, ஆதார் கார்டு, மாத்திரை.

ஜூன் 20, வியாழன்

சிஸ்டரிடம் சொன்னேன். தூத்துக்குடியில் அவருக்குத் தெரிந்த கன்னியர் மடம் இருக்கிறது, அங்கே போகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் என்னைத் தேடி இங்கே வந்து நின்றால் மற்ற பதினான்கு பேருக்கும் ஆபத்து.

“உக்காரு,” என்றார். “அவன் கம்ப்யூட்டர் பாப்பானா?”

“அவருக்குப் பேரெழுதத்தான் தெரியும். மில்லுல கையெழுத்துப் போடுவாரு.”

“யாரையாச்சும் வச்சுப் பாத்திருப்பானோ. எந்நேரம் வந்திருக்கு?”

நான் குறித்து வைத்திருந்தேன். முதல் நாள் மட்டும் காலை பதினொன்றரைக்கு. மற்ற எல்லா நாளும் பன்னிரண்டு நாற்பதிலிருந்து ஒன்று இருபதுக்குள். சனி, ஞாயிறு கிடையாது. பிப்ரவரி 9 அன்று தொடங்கி, ஏப்ரல் கடைசியில் நின்றுவிட்டது. போன் அல்ல, கம்ப்யூட்டர். அந்த இணைப்பு யாருடையது என்று ஹசீனா மிஸ் பார்த்திருந்தார். ஒரு கல்லூரியுடையது. ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்.

சிஸ்டர் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“இது மதியச் சாப்பாட்டு நேரம்ல,” என்றார். கொஞ்சம் கழித்து, “உன் மகளுக்கு இப்ப என்ன வயசு?” என்று கேட்டார்.

மார்ச் இரண்டாம் தேதியோடு பதினெட்டு முடிந்தது என்றேன்.

சிஸ்டர் டீ கொண்டு வரச் சொல்லிக் குடிக்க வைத்தார். பையைப் பிரிக்கச் சொன்னார். பிரிக்கவில்லை, கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறேன்.

அதே பதிவில் இன்னொன்றும் இருந்தது. தொடர்புப் பக்கம், அதாவது எங்களுக்குச் செய்தி அனுப்பும் படிவம். அதே ஆள் அதை முப்பத்தொரு தடவை திறந்திருக்கிறார். ஒரு தடவைகூட எதுவும் அனுப்பவில்லை.

ஜூன் 21, வெள்ளி

நேற்றுதான் கல்லூரிகள் திறந்திருக்கின்றன. இன்றைய பதிவு: பகல் 12.46. அதே இணைப்பு. பட்டியல் இருந்த முகவரியைத் திறக்கப் பார்த்திருக்கிறார்கள். ‘பக்கம் இல்லை’ என்று வந்திருக்கும். திரும்பவும் திறந்திருக்கிறார்கள். மொத்தம் ஒன்பது தடவை.

அந்தப் பக்கத்தின் வாசகத்தை நான்தான் எழுதினேன். ‘நீங்கள் தேடுவது இங்கே இல்லை.’

ஜூன் 24, திங்கள்

பிரதி எடுத்தேன்.

பகல் 1.05க்குப் படிவம் வழியாக ஒரு செய்தி வந்தது. முழுதாக எழுதி வைக்கிறேன்.

‘வணக்கம். உங்க சைட்ல ஒரு லிஸ்ட் இருந்துச்சு. இப்ப இல்ல. அதுல பதினேழாவது பேரு எங்க அம்மாவோடது. லிஸ்ட்டை எடுத்துட்டீங்களா, இல்ல அவங்க இறந்துட்டாங்களா? அதை மட்டும் சொன்னா போதும். வேற எதுவும் கேக்க மாட்டேன். சண்முகப்ரியா, பிசிஏ இரண்டாம் ஆண்டு.’

இப்படி யாராவது கேட்டால் என்ன பதில் அனுப்ப வேண்டும் என்பதற்கு இல்லத்தில் ஒரு விதி இருக்கிறது. அதே நாளில் அனுப்ப வேண்டும். மகள் என்று சொல்லிக்கொண்டு கணவன் எழுதியதும், அண்ணன் என்று சொல்லிக்கொண்டு மாமனார் எழுதியதும் இங்கே நடந்திருக்கிறது. அதனால்தான் அந்த விதி. எல்லோருக்கும் ஒரே வாசகம். 2016இல் நான் எழுதியது.

‘இங்கே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறோம்.’

3.10க்கு அனுப்பினேன்.

ஜூன் 25, செவ்வாய்

12.51க்குப் பதில் வந்தது.

‘சரிங்க. நன்றி.’

ஜூன் 26, புதன்

சிஸ்டர் இரண்டு நாள் திண்டுக்கல் போயிருந்தார். வந்ததும் காட்டினேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“விதிப்படி அனுப்பிட்டேன் சிஸ்டர்,” என்றேன்.

“விதியை எழுதினவ நீ. போட்டவ நான். ரெண்டு பேருக்கும் தெரியும் அது எதுக்குன்னு. அந்தப் பிள்ள நீ இங்க இருக்கியான்னா கேட்டுச்சு? செத்துட்டியான்னு கேட்டிருக்கு.”

“அவளாத்தான் இருக்கணும்னு இல்ல. அவகிட்டப் பேரை வாங்கி வேற யாராச்சும் எழுதியிருக்கலாம்.”

“சரி. அதுக்கு உங்க மிஸ் என்ன சொல்லிக் குடுத்திருக்கு?”

ஹசீனா மிஸ் சொன்னது: தெரியாத ஆள் கதவைத் தட்டினால் உடனே திறக்கவும் கூடாது, ஆள் நல்லவராகவும் இருக்கலாம் என்பதால் விரட்டவும் கூடாது. உரியவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்க வேண்டும்.

சிஸ்டர் ஒரு வெள்ளைத்தாளை என்னிடம் தந்தார். கேள்வியை எழுது என்றார்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். பிறந்த எடை, முதல் பல், அம்மை போட்டது, எல்லாம் எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது என்று அதிகம் இல்லை. அவளுக்கு அப்போது ஏழு வயது.

கடைசியில் ஒன்று எழுதினேன். காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில், அவளுக்கு ரிப்பன் அவிழ்ந்துவிட்டால் எங்கே நிறுத்திக் கட்டிவிடுவேன்? பதில்: தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அடிபம்பின் மேடை. அவளை அதன்மேல் நிற்க வைத்தால்தான் என் கைக்கு உயரம் சரியாக இருக்கும். அவர் ஒருநாளும் அந்த வழியில் வந்ததில்லை.

சிஸ்டர் தன் பெயரில் அனுப்பினார்.

ஜூன் 28, வெள்ளி

பதில் இல்லை. பதிவில் அந்த இணைப்பும் இல்லை.

பிளம்பர் வாஷர் கொண்டுவந்தார். அளவு சரியில்லை.

ஜூலை 1, திங்கள்

பிரதி எடுத்தேன். 12.58க்கு வந்துவிட்டது.

‘மேடம், நீங்க கேட்டது எனக்கு ஞாபகம் இல்ல. மூணு நாளா யோசிச்சேன். பொய்யா ஏதாச்சும் சொல்ல விருப்பம் இல்ல. எனக்கு அம்மாவைப் பத்தி ஞாபகம் இருக்கிறது மொத்தம் நாலு. எழுதுறேன். அதுல எது சரின்னு நீங்களே பாத்துக்கங்க.

ஒண்ணு, அம்மாகிட்ட மயில் கலர் சேலை இருந்துச்சு. ரெண்டு, அம்மா என்னைக் குற்றாலம் கூட்டிட்டுப் போனாங்க. மூணு, அம்மா பாடுவாங்க. நாலு, அம்மா சோறு பிசையும்போது வளையலை முழங்கை வரைக்கும் ஏத்தி விட்டுக்குவாங்க. அப்ப அது கீழ எறங்காம இருக்கக் கையை ஒரு மாதிரி தூக்கி வச்சுக்கிட்டே பிசைவாங்க.’

மயில் கலர் சேலை அவளுடைய அத்தையுடையது. குற்றாலத்துக்குக் கூட்டிப் போனதும் அத்தைதான். நான் பாடியதில்லை. நான்காவது எனக்குத் தெரியவில்லை.

“மூணு தப்பு,” என்றேன் சிஸ்டரிடம்.

“நாலாவது?”

“நான் அப்படிப் பண்றதா எனக்குத் தோணல.”

சிஸ்டர் எழுந்து சமையலறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சமையல் செய்யும் பஞ்சவர்ணம் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எட்டு வருடமாக மத்தியானம் அவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

“பஞ்சவர்ணம், நிர்மலா எப்படிச் சாப்பிடுவா?”

“ஏன், என்னா குத்தம்?”

“சும்மா சொல்லு.”

“வளையலை முழங்கைக்கு ஏத்திக்கிட்டு, கையைக் கொக்கு மாதிரித் தூக்கிக்கிட்டு,” என்று பஞ்சவர்ணம் அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் செய்து காட்டினார். “நானும் எத்தன தடவை சொல்லிட்டேன், சுளுக்கிக்கும்னு. அது காதுல வாங்குனாத்தான.”

நான் என் கையைப் பார்த்தேன். ஒரே ஒரு வளையல்தான் போட்டிருக்கிறேன், எவர்சில்வர்.

ஹசீனா மிஸ்ஸிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். உரியவருக்கே தெரியாத ஒன்றைப் பாஸ்வேர்டாக வைக்க முடியுமா என்று. கேட்கப் போவதில்லை.

ஜூலை 2, செவ்வாய்

சிஸ்டர் அனுப்பிய பதில் ஒரு வரி. ‘உங்கள் அம்மா உயிரோடு, நலமாக இருக்கிறார்.’

அம்மாவைப் பார்க்க முடியுமா என்று அவள் உடனே எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை பெரியாஸ்பத்திரி கேண்டீனில், பதினொரு மணிக்கு. ஆட்கள் நிறைய இருக்கும், போலீஸ் அவுட்போஸ்ட் எதிரிலேயே இருக்கிறது, பழைய நர்சுகள் எல்லோருக்கும் சிஸ்டரைத் தெரியும். இடத்தைச் சிஸ்டர்தான் தேர்ந்தெடுத்தார். அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

ஜூலை 5, வெள்ளி

குழாய் சரியானது. பையைப் பிரித்தேன். நீலச் சேலை கசங்கிவிட்டது, இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

இது தளம் சம்பந்தப்பட்டதல்ல. ஆனாலும் எழுதுகிறேன்.

பத்தரைக்கே போய்விட்டோம். சிஸ்டர் இரண்டு மேசை தள்ளி ஒரு பழைய நர்சோடு உட்கார்ந்துகொண்டார். பதினொன்று பத்துக்கு அவள் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். என்னைவிட உயரம். மூக்கு அவருடையது. வாசலில் நின்று ஒவ்வொரு மேசையாகப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், தாண்டிப் போனாள், திரும்பி வந்து பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன்.

எதிரில் உட்கார்ந்தாள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். டீ போதுங்க என்றாள். நான் இரண்டு தோசையும் சேர்த்துச் சொன்னேன்.

வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்று கேட்டேன். தோழி வீட்டுக்கு என்றாள். அப்பா இப்போது மில்லுக்குப் போவதில்லையாம். சுவாசக் கோளாறாம். வீட்டோடுதான் இருக்கிறாராம். அம்மா ஓடிப்போய்ச் செத்துவிட்டாள் என்றுதான் அத்தை சொல்லியிருக்கிறார். பிப்ரவரியில் லேபில் தேடல் பாடம் நடத்தும்போது, ஆளாளுக்குத் தங்கள் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்களாம். அவள் தன் பெயரைப் போட்டுவிட்டு, அடுத்து என் பெயரைப் போட்டிருக்கிறாள்.

“ஏன் அப்பவே எழுதல?” என்றேன்.

“எழுதினா நீங்க இல்லன்னு பதில் வந்துருச்சுன்னா?”

நீங்க என்றுதான் சொன்னாள். தோசை வந்தது. அவள் தொடவில்லை.

“என்னை ஏன் விட்டுட்டு வந்தீங்க?”

இந்தக் கேள்விக்குப் பதினோரு வருடமாகப் பதில் தயாராக வைத்திருந்தேன். காதில் அடி விழுந்தது, இரண்டு வாரம் கழித்து அவளைக் கூப்பிடப் போலீசோடு ஊருக்குப் போனது, அவளை அத்தை வீட்டுக்கு மாற்றிவிட்டது, கோர்ட்டுக்கு நான்கு தடவை போனது, அவர்கள் வீடு மாறியது, அதற்குப் பிறகு நான் நிறுத்திக்கொண்டது. எல்லாம் உண்மைதான். அதில் எதையும் சொல்ல வரவில்லை.

“நீ பள்ளிக்கூடத்துல இருந்த,” என்றேன். “நாலு மணிக்கு வருவ. உங்கப்பா மூணரைக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்துருவாரு. ரெண்டே முக்காலுக்கு மதுரை பஸ்ஸு. காத்திருந்து உன்னையும் கூட்டிட்டு வந்திருக்கலாம். எனக்குப் பயமா இருந்துச்சு. காத்திருக்கல.”

அவள் டீ தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“அன்னைக்கு அரை நாளு,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. இடப்பக்கம் யாரோ நாற்காலியை இழுத்ததில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, வலது காதைத் திருப்பினேன்.

“ஸ்கூலு அன்னைக்கு அரை நாளுதான். யாரோ பெரிய சார் இறந்துட்டாருன்னு ஒரு மணிக்கே விட்டுட்டாங்க. நான் கனி வீட்டு வாசல்ல வெளையாடிட்டு இருந்தேன். நீங்க கட்டப்பையோட போனீங்க. பாத்தேன்.”

“கூப்பிட்டிருக்கலாம்ல.”

“கடைக்குப் போறீங்கன்னு நெனச்சேன். கூப்பிட்டா வீட்டுக்குப் போன்னு சொல்லிருவீங்கன்னு பேசாம இருந்துட்டேன்.”

சிஸ்டர் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் கூப்பிட்டிருந்தா?” என்றாள்.

“நின்னிருப்பேன்.”

“நின்னிருந்தா?”

யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு ரிப்பன் அவிழ்ந்திருக்கும். வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போட்டிருப்பேன். மூன்றரை ஆகியிருக்கும்.

“பஸ்ஸை விட்டிருப்பேன்,” என்றேன்.

“அப்புறம் வேற நாளு கெளம்பியிருப்பீங்களா?”

“இல்ல.”

அவள் டீ தம்ளரைத் தள்ளி வைத்தாள். பிறகு தோசைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அப்ப நான் கூப்பிடாததே நல்லதுதான்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

நன்றாகச் சாப்பிடுகிறாள். இன்னொரு தோசை கேட்டாள். அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. ஜாவா என்று ஒரு பாடம் கஷ்டமாக இருக்கிறதாம். கல்லூரி பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைக்குமாம். கையில் ஒரு தழும்பு இருந்தது. கேட்டேன். கொதிக்கும் எண்ணெய், தானாகப் பட்டதுதான் என்றாள். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்த் தழும்புதான். மற்ற வகைத் தழும்புகளும் எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு மாட்டுத்தாவணிக்குக் கூட்டிப் போனேன். சிஸ்டர் ஆட்டோவில் முன்னால் உட்கார்ந்து வந்தார். படிப்பை முடிக்கும்வரை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அவளே சொன்னாள். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு வருவதாகவும் சொன்னாள்.

ராஜபாளையம் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“ஏறுறதா இருந்தா ஏறுங்கம்மா, வழியில நிக்காம.”

“ஏறல,” என்றேன். “பொண்ண அனுப்ப வந்தேன்.”

அவர் விசில் ஊதினார்.